நுரை இல்லாத ஆறு உண்டா, அப்பா?

"அப்பா, நுரை இல்லாத ஆறு உண்டா?"

இப்படிக் கேட்டவன் எட்டு வயதுச் சிறுவன். அவன் தகப்பனார் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். தாயார் அதே கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். குன்னத்தூரில் குடியிருக்கிறார்கள்.

ஒரு கல்யாணத்துக்காகக் காங்கயம் பக்கம் பஸ்ஸில் போனார்களாம். முதல் நாள் மழை. நொய்யல் ஆற்றில் தண்ணீர் வந்திருந்தது. பாலத்துக்குக் கீழே வெள்ளை வெளேர் என்று நுரை பொங்கிக் கிடந்தது. அதைப் பார்த்துத்தான் பையன் அந்தக் கேள்வியைக் கேட்டான்.

"என்னங்க பதில் சொல்றது? உண்டுன்னு சொன்னேன். எங்கேன்னு கேட்டான். காட்டறதுக்கு எனக்கு ஓர் ஆறு தெரியலிங்க" என்றார் அந்தத் தகப்பனார்.

கேள்வி சின்னக் கேள்வி. ஆனால் பல நாள் என் மனத்தைக் குடைந்துகொண்டே இருந்தது.

ஆறு என்றால் நுரை. தண்ணீர் என்றால் சாயம். இப்படி நினைத்துக்கொண்டு நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். அது அவர்கள் குற்றமா? தெளிந்த ஆற்றை அவர்களுக்கு நாம் காட்டவில்லை. குற்றம் நம்முடையது.

ஆகவே ஒன்று சொல்கிறேன். வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மலை, ஏரி, அருவி பார்க்கப் புறப்படுங்கள். இது ஆடம்பரம் அல்ல. பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்டுவது போல இதுவும் ஒரு கடமை.

வெளிநாட்டுப் படம்

அந்த வீட்டுக்கு வேண்டியவர் ஒருவர் நியூசிலாந்து நாட்டில் இருக்கிறார். அங்கே காரில் சுற்றுலா போய், படங்களைக் கைப்பேசியில் அனுப்பியிருந்தார். வீடே கூடிப் பார்த்தது.

ஒரு படத்தில் டாப்போ ஏரி. பரப்பு 600 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். அது எரிமலை வெடித்து, நிலம் உள்ளே இறங்கியதால் உண்டான பள்ளம். கடைசியாக அங்கே பெரிய வெடிப்பு நடந்து ஏறக்குறைய 1,800 ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஏரியிலிருந்து புறப்படும் வைக்கட்டோ ஆறு கொஞ்ச தூரத்தில் ஹுக்கா அருவியாக விழுகிறது. தண்ணீர் நீலக் கண்ணாடி போல இருக்கிறது.

"நமக்கு ஏது அந்த யோகம்? விமானம் ஏறணும், லட்சக்கணக்கில் பணம் வேணும்" என்று பையனின் தாயார் பெருமூச்சு விட்டார்.

நான் சொன்னேன்: "நெருப்பில் பிறந்த மலை வேண்டுமா? இருக்கிறது. ஏரி வேண்டுமா? இருக்கிறது. அருவி வேண்டுமா? அதுவும் இருக்கிறது. எல்லாம் நம் திருப்பூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. காலையில் புறப்பட்டால் இரவு வீடு திரும்பலாம்."

ஒருவரும் நம்பவில்லை!

சென்ற மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் பேசினார்கள். நானும் கூடப் போனேன். பையனின் அப்பத்தாவும் வந்தார். விடியற்காலை 5 மணிக்குக் குன்னத்தூரை விட்டோம்.

எரிமலையின் உடன்பிறப்பு

ஊத்துக்குளியைத் தாண்டி நொய்யலைக் கடந்தோம். காங்கயத்துக்குச் சற்று முன்னே சிவன்மலை வந்தது.

முருகன் கோவில் கொண்ட மலை. ஆண்டவன் உத்தரவுப் பெட்டியைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். பக்தர் ஒருவர் கனவில் வந்த பொருளை அந்தப் பெட்டியில் வைப்பது வழக்கம். ஆனால் அந்த மலையின் கல்லைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்?

தமிழ்நாட்டில் எரியும் எரிமலை கிடையாது. இந்தியாவில் இன்று உயிரோடு இருக்கும் எரிமலை ஒன்றே ஒன்றுதான். அது அந்தமான் பக்கம் கடலுக்குள் இருக்கும் பாரன் தீவு. நெடுங்காலம் தூங்கிக் கிடந்து, 1991இல் மறுபடி நெருப்பைக் கக்கியது.

சிவன்மலை எரிமலை அல்ல. ஆனால் எரிமலைக்கு உடன்பிறப்பு என்று சொல்லலாம்.

பூமிக்குள்ளே ஆழத்தில், சில இடங்களில் பாறை உருகிக் குழம்பாகிறது. அந்தக் குழம்பு வெடித்துக்கொண்டு வெளியே வந்தால் எரிமலை. வெளியே வர வழி இல்லாமல் உள்ளேயே தங்கி, மெல்ல மெல்ல ஆறிக் கல்லானால், அது சிவன்மலைப் பாறை.

கற்கண்டு செய்வதை நினைத்துப் பாருங்கள். பாகு மெதுவாக ஆறினால்தான் பெரிய பெரிய படிகமாக வரும். அதே கதைதான் இங்கேயும். மெதுவாக ஆறிய காரணத்தால் கல்லில் உள்ள மணிகளைக் கண்ணாலேயே பார்க்க முடிகிறது.

இது நடந்து ஏறக்குறைய 60 கோடி ஆண்டுகள் ஆகின்றன. மேலே மூடியிருந்த நிலம் மழையிலும் காற்றிலும் கரைந்து போயிற்று. உள்ளே இருந்த பாறை வெளியே தெரிந்தது. இந்தக் கல்லைப் பற்றி 1901இலேயே இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து விரிவாக எழுதினார். உலகத்துப் பாறை நூல்களில் நம் சிவன்மலைக்கு ஓர் இடம் உண்டு.

இந்தப் பாறையில் குருந்தக்கல் கிடைக்கிறது. வைரத்துக்கு அடுத்தபடி கடினமான கல் அதுதான். சாணை பிடிக்க உதவுவது. மாணிக்கமும் நீலமும் அதே இனம். ஆங்கிலத்தில் அதைக் 'கொரண்டம்' என்கிறார்கள். அந்தப் பெயரே தமிழ்ச் சொல்லான குருந்தத்திலிருந்து போனது!

பக்கத்தில் உள்ள படியூரில் இளநீல நிறக் கல் கிடைத்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்களும் அங்கே தோண்டி எடுத்தார்கள். நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில், 2,000 ஆண்டுகளுக்கு முன்பே கல்மணி செய்யும் தொழில் நடந்தது. அகழாய்வில் அந்த மணிகள் கிடைத்திருக்கின்றன. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று அந்த ஊரின் பெயர் வருகிறது. நம் பகுதி சரக்குகளுக்கு ஈடாக வந்த ரோமானியக் காசுகள் கொங்கு நாட்டில் பல இடங்களில் கிடைத்துள்ளன.

கட்டிங் மாஸ்டர் சிரித்தார். "அப்படின்னா, அந்தக் காலத்திலேயே நம்மாளுங்க ஏற்றுமதி பண்ணியிருக்காங்க!" என்றார்.

பையன் மலைக்கல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். "இது சுட்டிருக்குமாப்பா?" என்று கேட்டான். புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தாலும் அந்தக் கேள்வி வந்திருக்காது.

தண்ணீர் வந்த வழி

காங்கயத்தைத் தாண்டினோம். தேங்காய்ப் பருப்புக் காயும் களங்கள். கல்லுக்கட்டு வேலிக்குள்ளே காங்கயம் மாடுகள். தாராபுரம் தாண்டி உடுமலைச் சாலையில் திரும்பினால் இரு பக்கமும் காற்றாலைகள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றுதான் அவற்றைச் சுற்றுகிறது.

முதலில் அமராவதி அணைக்குப் போனோம். 1957இல் கட்டிய அணை. 90 அடி தண்ணீர் நிற்கும். 54,000 ஏக்கருக்கு மேல் பாசனம். மேலே மலை, கீழே ஏரி, நடுவிலே மேகம். வெளிநாட்டுப் படத்துக்குக் குறைந்ததா? பக்கத்திலே முதலைப் பண்ணை வேறு. பிள்ளைகளின் குதூகலத்தைக் கேட்க வேண்டுமா?

அங்கிருந்து திருமூர்த்தி மலை. இங்கே உள்ள அணையை 1967இல் கட்டினார்கள். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் ஓர் அங்கம் அது. மேற்கே கேரளத்துப் பக்கம் ஓடிய மலைத் தண்ணீரில் ஒரு பங்கைச் சுரங்கம் வழியாகவும் கால்வாய் வழியாகவும் கிழக்கே திருப்பினார்கள். மலைச் சரிவை ஒட்டியே 49 கிலோமீட்டர் நீளத்துக்குக் காண்டூர் கால்வாய் வெட்டினார்கள். அந்தக் கால்வாய் கொண்டுவரும் தண்ணீர் திருமூர்த்தி அணையில் சேருகிறது. அங்கிருந்து உடுமலை, பல்லடம், காங்கயம், வெள்ளகோவில் வரை பாய்கிறது.

காலையில் காங்கயம் பக்கம் நாங்கள் பார்த்த வாய்க்காலுக்கும் இங்கிருந்துதான் தண்ணீர் போகிறது! இதைச் சொன்னதும் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். தண்ணீர் குழாயில் பிறப்பதில்லை என்று அன்றைக்குத்தான் அவர்களுக்குப் புரிந்தது.

அருவிக் கரையில்

மலையடிவாரத்தில் அமணலிங்கேசுவரர் கோவில். ஒரே பாறையில் மும்மூர்த்திகள். அங்கிருந்து மலை மேல் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடந்தால் பஞ்சலிங்க அருவி.

அப்பத்தா கீழேயே உட்கார்ந்துவிட்டார். கோவிலை ஒட்டி ஓடும் ஓடையில் காலை நனைத்துக்கொண்டார். நாங்கள் மேலே போய்க் குளித்துவிட்டு இறங்கி வந்தோம். பையன் ஓடிவந்து அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அப்பத்தா, அடியில கல்லு தெரியுது! மீனு தெரியுது!"

அப்பத்தா சொன்னார்: "எங்க காலத்துல நொய்யலும் இப்படித்தான் சாமி இருந்துச்சு. மணல்ல ஊத்துத் தோண்டி, குடத்துல மொண்டு குடிச்சோம். கல்யாணம் ஆகி வந்த புதுசுல அங்கதான் துணி துவைச்சேன்."

பையன் நம்பாமல் அவர் முகத்தையே பார்த்தான்.

அந்த முகத்தைப் பார்க்கத்தான் நாம் இத்தனை தூரம் வந்தோம் என்று எனக்குத் தோன்றியது.

சாயமும் வேண்டும், ஆறும் வேண்டும்

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறக்கிறது. பிறக்கும்போது அதுவும் தெளிந்த தண்ணீர்தான். சுமார் 180 கிலோமீட்டர் ஓடிக் காவிரியில் கலக்கிறது. நடுவழியில்தான் அது கெட்டுப்போயிற்று.

1992இல் பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிக்கப்பட்டது. சாயக் கழிவு வந்து அதில் தேங்கியது. பயிருக்குப் பாய்ச்ச முடியாமல் போயிற்று. உழவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். 2011 ஜனவரியில், கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத நிலையை எட்டாத சாயப் பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

அப்போது பலருக்கு வேலை போயிற்று. வாடகை கொடுக்க முடியாமல் ஊருக்குத் திரும்பியவர்கள் உண்டு. அந்தக் கஷ்டத்தை நாம் மறக்கக் கூடாது. சாயப் பட்டறைத் தொழிலாளி ஆற்றுக்குப் பகையாளி அல்ல. அவர் பிள்ளையும் அதே தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும்.

பிறகு என்ன நடந்தது? கழிவுநீரை வடிகட்டி, மீதியைக் காய்ச்சி, உப்பைத் தனியே எடுத்து, தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்குப் பட்டறைகள் மாறின. செலவு அதிகம். ஆனால் முடிந்தது. முடியாது என்று சொல்லப்பட்ட காரியம் முடிந்தது! இன்றும் எல்லாம் சரியாகிவிடவில்லை. திருட்டுத்தனமாகத் திறந்து விடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஊர்ச் சாக்கடையும் ஆற்றில்தான் கலக்கிறது.

இனிமேல் இதைச் சரி செய்யப் போவது யார்? இன்று எட்டு வயதாக இருக்கும் பிள்ளைகள்தான். அவர்களில் ஒருவன் நாளைக்குச் சாய மாஸ்டர் ஆவான். ஒருத்தி அதிகாரி ஆவாள். ஒருவன் கம்பெனி முதலாளி ஆவான். ராத்திரி நேரத்தில் கழிவு மடையைத் திறப்பதா, மூடுவதா என்று முடிவு செய்கிற இடத்தில் அவன் நிற்பான்.

தெளிந்த தண்ணீரைக் கண்டிராதவனுக்கு அந்த நேரத்தில் கை கூசாது. மீன் ஓடும் தண்ணீரில் ஒரு நாள் காலை வைத்து உட்கார்ந்தவனுக்குக் கூசும். சட்டம் வேண்டும், அபராதமும் வேண்டும். ஆனால் கை கூசுகிறதே, அதைச் சட்டத்தால் உண்டாக்க முடியாது. தாயும் தகப்பனும்தான் உண்டாக்க வேண்டும்.

பணம் எங்கே? நேரம் எங்கே?

"சொல்வது சுலபம். சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் திங்கட்கிழமை கையில் இருப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருந்தால் போகத்தான் வேண்டியிருக்கிறது" என்பீர்கள்.

நியாயம்தான். ஒன்றரை ஷிப்ட் பார்த்து உடம்பு நொந்து வருகிறவரிடம் ஊர் சுற்று என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

ஆனால் கணக்குப் பாருங்கள். கடன் வாங்கி ஊட்டிக்குப் போய், விடுதியில் தங்கி, மூன்று நாள் சம்பளத்தையும் விடுகிறோம். திரும்பி வந்து வட்டி கட்டுகிறோம். அது வேண்டாம். நாங்கள் போய் வந்த தூரம் 300 கிலோமீட்டருக்குள்தான். வேன் வாடகையை இரண்டு குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்டன. சாப்பாடு தூக்குப்போசியில் வீட்டிலிருந்தே போயிற்று.

வேனுக்கும் வழி இல்லையா? பஸ்ஸில் போகலாம். திருப்பூர் போய், அங்கிருந்து உடுமலை. உடுமலையிலிருந்து திருமூர்த்தி மலைக்கு பஸ் உண்டு. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆண்களுக்குத்தான் லீவு. பெண்களுக்கு அன்றைக்குத்தான் வேலை அதிகம். வாரத் துணி முழுவதும் துவைக்க வேண்டும். கறி எடுத்துக் குழம்பு வைக்க வேண்டும். சுற்றுலா என்றால் விடியற்காலை 3 மணிக்கு எழுந்து புளிச்சோறு கிண்டுவதும் அவர் தலையில்தான் விழுகிறது!

அப்படியானால் அவருக்கு அது சுற்றுலாவா? முதல் நாள் இரவே வீட்டில் எல்லோரும் சேர்ந்து வேலையை முடியுங்கள். தகப்பனார் வெங்காயம் உரிக்கட்டும். பையன் போசி கழுவட்டும். திரும்பி வந்த அன்று இரவு கடையில் நாலு இட்லி வாங்கினால் குடி முழுகிவிடாது. பையனின் தாயார் அருவியில் நனைந்துவிட்டு, "இருபது வருஷத்துக்கப்புறம் இன்னைக்குத்தான் எனக்கு ஞாயித்துக்கிழமை" என்றார். அதைவிட வேறு என்ன வேண்டும்?

கவனிக்க வேண்டியவை

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்.

அருவி அழகானது. ஆபத்தும் கூடவே இருக்கிறது. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மேலே மலையில் மழை பெய்திருக்கும். கண் மூடித் திறப்பதற்குள் வெள்ளம் வந்துவிடும். அருவிக்குப் போகாதே என்று காவலர் சொன்னால் போகாதீர்கள். தண்ணீர் கலங்கினாலும் சத்தம் மாறினாலும் உடனே மேட்டுக்கு ஏறுங்கள்.

அணைகளில் இறங்கிக் குளிக்க வேண்டாம். ஆழம் தெரியாது. அமராவதி நீர்த்தேக்கத்தில் முதலைகள் இருக்கின்றன.

சாராய பாட்டிலோடு சுற்றுலா போகிறவர்கள் வீட்டிலேயே இருந்துவிடலாம். உடைந்த பாட்டில் அடுத்த வாரம் வரும் குழந்தையின் காலைக் கிழிக்கும்.

சோற்றுப் பொட்டலக் காகிதத்தையும் பிளாஸ்டிக் பையையும் திரும்ப எடுத்து வாருங்கள். ஆற்றைக் கெடுத்தவர்களைத் திட்டிக்கொண்டே ஓடையில் ஷாம்பு உறையை எறிந்தால், பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்? நாம் சொன்னதையா, செய்ததையா?

திரும்பும் வழியில்

பொழுது சாயும்போது புறப்பட்டோம். பல்லடம் வழியாகத் திருப்பூர் வந்தோம். ஊருக்குள் நுழைந்ததும் நொய்யல் பாலம். வேனில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பையன் மட்டும் விழித்திருந்தான். மூக்கைப் பொத்திக்கொண்டு கீழே பார்த்தான்.

"அப்பா, அந்த அருவித் தண்ணி நம்ம ஊருக்கு வந்தா, அதுவும் இப்படி ஆயிருமா?"

காலையில் பதில் தெரியாமல் விழித்த தகப்பனார் அல்ல இப்போது. கொஞ்சம் யோசித்தார். பையன் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"ஆகக் கூடாது கண்ணு. ஆகாம நாமதான் பார்த்துக்கணும்" என்றார்.

அந்தப் பையன் இனி நொய்யலைப் பார்க்கும்போதெல்லாம், ஆறு இப்படித்தான் இருக்கும் என்று நினைக்க மாட்டான். இப்படி இருக்கக் கூடாது என்று நினைப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இந்தப் பலன் போதாதா?

உங்கள் வீட்டுப் பிள்ளையும் ஒரு நாள் கேட்கும். கேட்பதற்கு முன்னே அழைத்துப் போய்க் காட்டிவிடுங்கள்.